பின்னிரவுக் காட்சி: நடுநாட்டு ரசிகனும் நாளைய உலகமும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் கார்டு இருப்புப்பாதையும், சேலத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் பாதையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் விருத்தாசலம். பழமலை என்றும் திருமுதுகுன்றம் என்றும் பாடல்பெற்ற ஊர். மணிமுத்தாற்றின் கரையில் விருத்தகிரீசுவரர் கோயிலும், இக்காலத்துப் பெயருக்குக் காரணமான பீங்கான் தொழிலும் சேர்ந்ததே அதன் முகம். இத்தகைய சந்திப்பு நகரங்களின் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் நடிகரிடமிருந்தோ இயக்குநரிடமிருந்தோ தொடங்குவது வழக்கம். பெட்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பெட்டி என்பது படச்சுருள் வரும் தகரப் பெட்டி. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படத்துக்குப் பதினாறு சுருள் வேண்டும். அத்தனையும் பெட்டிகளில் அடைபட்டு, இரயிலிலும் பேருந்திலும் ஏறி, ஊர் ஊராக வந்து சேர வேண்டும். “பெட்டி வந்துவிட்டதா?” என்ற கேள்வி ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர் இளைஞரின் நாவில் மழை வருமா என்ற கேள்விக்கு நிகராக வழங்கியது. வந்த பெட்டிக்கு மாலை சூட்டி, கற்பூரம் காட்டி, மேளத்தோடு கொட்டகை வரை ஊர்வலம் எடுத்துச் சென்றதும் உண்டு. தகரப் பெட்டிக்கு வழிபாடா என்று நகைத்தவர் பலர். அந்தப் பெட்டி எத்தனை மாதம் கழித்து அந்த ஊருக்கு வந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழகத்தில் திரைப்படம் பயணியாகவே பிறந்தது. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டு துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர்தோறும் படம் காட்டினார். அவர் வழியே வளர்ந்தது டூரிங் டாக்கீசு என்னும் நாடோடிக் கொட்டகை. கித்தானும் கீற்றும் வேய்ந்த அக்கொட்டகைக்குப் பகல் பகையாகும். வெளிச்சம் புகும் இடத்தில் படம் தெரியாது. ஆகவே பொழுது சாய்ந்த பின் முதல் ஆட்டம், அது முடிந்த பின் இரண்டாம் ஆட்டம் என இரவிலேயே அதன் வாழ்வு கழிந்தது. இரண்டாம் ஆட்டம் விட்டு மக்கள் வீடு திரும்பும்போது நள்ளிரவு கடந்திருக்கும். எனவே நள்ளிரவில் படம் பார்ப்பது இந்நாளைய இளைஞர் கண்டுபிடித்த களியாட்டம் என்று கருதுவது பிழை. பகற்காட்சிதான் சிற்றூருக்குப் பிந்தி வந்த புதுமை.

கொட்டகைக்கும் முந்திய இரவு ஒன்று நடுநாட்டுக்கு உண்டு. அது தெருக்கூத்தின் இரவு. பழைய தென்னார்க்காடு மாவட்டம் கூத்தின் விளைநிலங்களுள் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து முன்னிரவில் தொடங்கி விடியும் வரை நடக்கும். அதில் பாத்திரத்தின் வருகை கருதிப் பார்க்கத்தக்கது. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்து நிற்பர். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும்; கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். உள்ளிருந்து பாட்டு வரும். முகம் மட்டும் வராது. அவையோர் பொறுமை எல்லை காணும் வரை இழுத்துப் பின் திரை விலகும். அந்தக் கணத்துக்காகவே பலர் உறங்காமல் அமர்ந்திருந்தனர். திரைப்பட நாயகனின் முதல் வருகையில் செருப்பையும் கையையும் பின்புறத்தையும் காட்டி, முகத்தைக் கடைசியில் காட்டும் உத்தி எங்கிருந்து வந்தது என்று தேடுவோர் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை.

இந்த இரவுக்குள் வேற்றுலகம் வந்திறங்கிய ஆண்டு 1963. அதற்கு முன்பே, 1952-இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கூட்டாக எடுத்த ‘காடு’ படத்தில், மறைந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டில் உலவின. எனினும் வான்வெளியைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த ‘கலை அரசி’. வேறொரு கோளில் அறிவியல் வளர்ந்திருக்கிறது; இசை இல்லை. இசை கற்பிக்க ஒருத்தி வேண்டுமென்று பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த தமிழ்ப் பெண்ணைக் கவர்ந்து செல்கிறான் எம்.என். நம்பியார். அவளை மீட்க விண்கலத்தில் செல்பவன் ஏர் பிடிக்கும் உழவன். யூரி ககாரின் விண்ணுக்குச் சென்று ஈராண்டே ஆகியிருந்தது. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்ததும் அதே 1963-ஆம் ஆண்டின் நவம்பர் 21-ஆம் நாள்தான்.

அக்கதையை இன்று கேட்போர் முறுவலிக்கலாம். ஆனால் அறிவியல் மிகுந்த உலகுக்கு இசை இல்லை என்ற ஒரு குறையைக் கண்டு, அதை நிரப்பத் தமிழ்நாட்டுக்கு வரவைத்த கற்பனையில் நுட்பம் இல்லையென்று சொல்ல முடியாது. மணற்தரையில் அமர்ந்து அதைக் கண்டவர்க்கு அது வியப்பாக இருந்திருக்கும், அந்நியமாக இருந்திராது. சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்ற கதையைத் தாய்ப்பாலோடு பருகிய ஊர் திருமுதுகுன்றம். ஓரிடத்தில் மறைந்த பொருள் பல காதம் தாண்டி வேறிடத்தில் தோன்றுவதை ஏற்ற மனத்துக்குப் பறக்கும் தட்டு பெருஞ்சுமை அன்று.

‘ரசிகன்’ என்ற சொல்லின் பயணம் தனியே எழுதத்தக்கது. இசையரங்கிலும் கவிதை அவையிலும் நுண்சுவை அறிவோனுக்கு வழங்கிய சொல் அது. டி.கே. சிதம்பரநாத முதலியார் அச்சொல்லைப் பட்டமாகவே பெற்று ‘ரசிகமணி’ ஆனார். திருநெல்வேலியில் அவருடைய வட்டத்தொட்டியில் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு இரவு நீளும் வரை சுவைத்தனர். அவர் மறைந்த ஆண்டு 1954. அந்த 1950-களில்தான் எம்.ஜி.ஆரின் பெயரால் ரசிகர் மன்றங்கள் ஊர்தோறும் எழுந்தன. அச்சொல் வட்டத்தொட்டியை விட்டு மணற்தரைக்கு இறங்கியது. இறங்கியதால் இழிந்தது என்பார் உளர். ஒரே பாடலைப் பத்து முறை படிக்கச் சொல்லிக் கேட்டவனும், ஒரே படத்தைப் பத்து முறை பார்த்தவனும் ஒரு குலத்தாரே என்று எண்ணவும் இடமுண்டு. கவியரங்கில் “மீண்டும், மீண்டும்” என்று கேட்ட குரலுக்குப் புலவர் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

மன்றம் என்ற அமைப்பின் வலிமையை விருத்தாசலம் நேரிலேயே கண்டது. நடிகர் விஜயகாந்த் 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தம் கட்சியைத் தொடங்கினார். அதன் அடித்தளம் அவருடைய மன்றங்களே. 2006-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி வென்ற ஒரே தொகுதி விருத்தாசலம், வென்றவர் விஜயகாந்த். அரசியல் நோக்கர் அதற்குப் பல காரணம் கூறினர். சுவரொட்டி ஒட்டி, தோரணம் கட்டி, நள்ளிரவில் விழித்திருந்து பழகிய இளைஞர் கூட்டம் வாக்குச் சேகரிக்கவும் பழகும் என்பது அவற்றுள் எளிய காரணம்.

மீண்டும் பெட்டிக்கு வருவோம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கை சாதியால் அன்றிக் கொடுக்கும் காசால் அமைந்தது என்றும் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். இடத்தைப் பொறுத்தவரை அது பேருண்மை. காலத்தைப் பொறுத்தவரை அச்சமன்மை வாய்க்கவில்லை. ஒரு படத்துக்கு எடுக்கப்படும் படிகள் சில. அவை முதலில் பெருநகரங்களுக்குச் சென்றன. திரைவணிகத்தார் ஊர்களை ஏ, பி, சி சென்டர் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தனர். சென்னையும் மதுரையும் கோவையும் பார்த்துத் தீர்த்த படம் சிறு நகரத்துக்கு வரும். அங்கு ஓடி முடிந்த பின், கீறல் விழுந்து மழை பெய்யும் சுருளாகச் சிற்றூர்க் கொட்டகைக்கு வரும். முதல்நாள் முதற்காட்சி என்ற சொற்றொடர் பெருநகரத்தானின் சொத்தாக இருந்தது. சிற்றூர் ரசிகன் தன் நாயகனின் படத்தைக் காணுமுன்பே அதன் கதையையும் முடிவையும் நகரம் சென்று வந்தவன் வாயால் கேட்டுவிடுவான். தரை டிக்கெட்டில் அவன் முன்வரிசையில் அமர்ந்திருக்கலாம். நாள்வரிசையில் அவன் கடைசியில் நின்றான்.

இந்நிலையை மாற்றியது கலையோ அரசோ அன்று; கணிப்பொறி. 2000-க்குப் பின் வந்த முதற் பத்தாண்டில், சென்னையில் உருவான கியூப் போன்ற எண்முறைத் திரையீட்டு அமைப்புகள் பரவின. பதினாறு சுருளுக்கு மாறாக, பூட்டிய வன்தட்டு ஒன்று போதும். சில இடங்களில் செயற்கைக்கோள் வழியாகவே படம் இறங்கும். உரிய நேரத்தில் திறவுகோல் எண் வந்து சேர்ந்தால் பூட்டுத் திறக்கும். நூறு படி எடுப்பதும் ஐந்நூறு படி எடுப்பதும் செலவில் பெரிதாக வேறுபடாத நிலை பிறந்தது. தலைநகரில் திரை விலகும் அதே மணியில் சந்திப்பு நகரத்திலும் திரை விலகியது. பெட்டிக்கு மாலை சூட்டிய தலைமுறையின் மகன் பெட்டியையே காணவில்லை. ஆனால் காத்திருப்பிலிருந்து விடுதலை பெற்றான். நள்ளிரவுக் காட்சியின் மீது அவன் கொண்ட வேட்கையை இந்த வரலாற்றோடு சேர்த்தே அறிய வேண்டும். விடியுமுன் பார்த்தவனுக்கு முன்னால் பார்த்தவன் எவனும் இல்லை. தன் தந்தைக்குக் கிட்டாத இடம் அவனுக்கு அந்த ஒரு மணிப்பொழுதில் கிட்டியது.

2010-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் வெளிவந்த ‘எந்திரன்’ இம்மாற்றத்தின் பெருவிழாவாக அமைந்தது. இயக்குநர் ஷங்கர் இக்கதையை முதலில் கமல்ஹாசனைக் கொண்டு எடுக்க எண்ணியிருந்தார். ஏறத்தாழ பத்தாண்டு அலைந்த பின் ரஜினிகாந்திடம் வந்து சேர்ந்தது. ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதி ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழர் வீட்டுப் பிள்ளையாக்கிய சுஜாதா, இப்படத்தின் உரையாடலில் பங்கு கொண்டவர். 1986-இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் கதையும் அவருடையதே. ‘எந்திரன்’ படப்பிடிப்புத் தொடங்கிய காலத்திலேயே, 2008 பிப்ரவரி 27-இல், அவர் மறைந்தார். திரையில் அவருடைய இயந்திர மனிதன் எழுந்து நின்றதைக் காண அவர் இல்லை.

அந்நாளில் பல ஊர்களில் விடிவதற்கு முன்பே சிறப்புக் காட்சிகள் நடந்தன. ரசிகனின் அந்த இரவு முன்மாலையிலேயே தொடங்கிவிடும். கட்-அவுட்டுக்குச் சாரம் கட்டுதல், கொடித் தோரணம், மன்றத்தார் பெயரும் ஒளிப்படமும் பொறித்த பதாகை, பூசணிக்காய் உடைத்தல், குடம் குடமாய்ப் பாலாபிடேகம். நுழைவுச்சீட்டு மன்றத்தின் வழியே வந்தால் பேறு. வெளியே வாங்கினால் அச்சிட்ட விலையின் பன்மடங்கு. உள்ளே சென்றபின் இருக்கை எண்ணுக்குப் பொருளில்லை. விளக்கணைந்ததும் எழும் ஒலி சொல்லுக்குள் அடங்காது. 1992-இல் ‘அண்ணாமலை’ படத்தோடு வழக்கில் வந்த, ‘சூப்பர் ஸ்டார்’ என்ற பட்டத்தை எழுத்தெழுத்தாகப் புள்ளிகளால் எழுதும் முகப்பு திரையில் தோன்றும்போது, கிழித்த காகிதத் துணுக்குகள் ஒளிக்கற்றைக்குள் பறக்கும். கூத்தில் திரைக்கு மேலே கிரீட நுனி தெரிந்த கணம் அதுதான்.

ஆனால் அப்படம் ரசிகனைச் சற்றே ஏமாற்றியது. ஊர்த் திருவிழாவில் ஆடிப்பாடி நாயகன் நுழையும் வழக்கமான பாடல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தாடி வளர்த்த அறிவியலாளன் ஒருவன் குனிந்து வேலை செய்கிறான், பாட்டு ஒலிக்கிறது, உருவாவது இயந்திரம். அன்று விசிலடிக்க வந்தவர்கள் எங்கே அடிப்பது என்று சற்றுத் திகைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு விடை பின்பாதியில் கிடைத்தது. சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டுச் சிட்டி கொடியவனாக மாறியதும் அரங்கு அவன் பக்கம் சாய்ந்தது. நல்லவனான வசீகரனை விட்டுவிட்டு, ஆட்டைப் போலக் கனைத்து எள்ளி நகைக்கும் அந்த இயந்திர அரக்கனைக் கொண்டாடினர். ஒழுக்கம் கெட்ட சுவை என்று இதைக் கண்டித்தால் கூத்தையும் கண்டிக்க வேண்டும். இரணியனுக்கும் துரியோதனனுக்கும் இருக்கும் ஆர்ப்பாட்டமான வருகை பாண்டவருள் எவருக்கும் இல்லை. திரௌபதி அம்மன் விழாவின் முடிவில் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தப்படும் பேருருவமும் துரியோதனனுடையதே.

பீங்கான் நகரத்தான் அப்படத்தில் வேறொன்றையும் கண்டிருப்பான். பொம்மை வார்க்கும் தொழில் முறை எளியது. களிமண்ணை நீரில் கரைத்துக் கூழாக்கி, பாரிசுச் சாந்து அச்சுக்குள் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சும். உட்புறத்தில் மண் தோலாகப் படியும். மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியபின் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான ஓர் உருவம். பிசிறு நீக்கி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுவர். ஓர் அச்சில் வார்த்தவை அனைத்தும் ஒரே முகம். சூளை எரியும் இரவில் காவலிருப்போர் வரிசை வரிசையாக அடுக்கிய ஒரே முகங்களுக்கு நடுவே விழித்திருப்பர். படத்தின் இறுதியில் சிட்டி தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் உருவாக்கி அணிவகுக்கும் காட்சியைத் திரைத்திறனாய்வாளர் வரைகலையின் வெற்றி என்றனர். அப்படத்தின் சிறப்பு விளைவுகளுக்கும் கலையமைப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. அச்சு வார்க்கும் கைக்கு அது நாள்தோறும் காணும் காட்சி. அவை எழுந்து நடந்தது மட்டுமே புதிது. கடைசியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே உறுப்புறுப்பாகக் கழற்றி வைக்கும்போது அரங்கு அமைதியானது என்றால், அதற்குக் காரணம் அறிவியல் அன்று. கூத்து முடிந்து ஒப்பனை கலையும் விடியற்பொழுதின் துயரம் அது.

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத குறை ஒன்று உண்டு. டூரிங் கொட்டகையில் பெண்களுக்குத் தனிப்பகுதி இருந்தது. கைக்குழந்தையோடு இரண்டாம் ஆட்டம் பார்த்துத் திரும்பிய தாய்மார் எண்ணற்றோர். விடியுமுன் நடந்த ரசிகர் காட்சியோ ஏறக்குறைய முற்றிலும் ஆடவர் கூட்டமாகவே இருந்தது. சிற்றூரானைத் தலைநகரத்தானோடு சமமாக்கிய அந்த இரவு, அவன் வீட்டுப் பெண்ணை முந்தைய தலைமுறையினும் பின்னே தள்ளியது. மன்றங்கள் இதைப் பற்றிக் கவலை கொண்டதாகக் காணோம்.

இத்தகைய இரவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1977 மே 25-இல் 32 அரங்குகளில் மட்டும் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ ஒரு தலைமுறையையே வரிசையில் நிற்க வைத்தது. 1999 மே 19-இல் அதன் முன்கதை நள்ளிரவு கடந்த முதல் நிமிடத்தில் திரையிடப்பட்டபோது, பல நாள் முன்பே வந்து தெருவோரம் தங்கியிருந்தோர் பலர். அங்கும் பாத்திரங்களின் வேடம் புனைந்து வந்தனர். அங்கும் ஒளி தோன்றியதும் ஆரவாரம். 2012 ஜூலை 20-ஆம் நாள் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில் நள்ளிரவுக் காட்சியொன்றில் துப்பாக்கி ஏந்தியவன் புகுந்து 12 பேரைக் கொன்றான். அதன்பின் அந்நாட்டில் முதற்காட்சி படிப்படியாக நள்ளிரவை விட்டு முன்னிரவுக்கும் மாலைக்கும் நகர்ந்தது.

தமிழ்நாட்டில் எவரும் துப்பாக்கி ஏந்தவில்லை. 2018 நவம்பர் 29-இல் ‘2.0’ அதிகாலை 4 மணிக்குத் திரையிடப்பட்டு, முப்பரிமாணக் கண்ணாடியோடு ரசிகர் கூச்சலிட்டது வரை அவ்விரவு வளர்ந்துகொண்டே போனது. மணி நான்கிலிருந்து பின்னோக்கி நகர்ந்தது. முந்துவதில் ஒரு நாயகனின் மன்றத்தாரோடு மற்றவர் போட்டியிட்டனர். 2023 ஜனவரி 11-இல் இரு பெரும் நாயகர் படங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்றுக்கு நள்ளிரவு 1 மணிக் காட்சி. மற்றதற்கு 4 மணிக் காட்சி. அன்று சென்னையில் திரையரங்குக்கு அருகே, சாலையில் சென்ற லாரியின் மீதேறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். அவர் பார்க்க வந்த படம் வேற்றுலகக் கதை அன்று. ஆயினும் எல்லாக் கதைக்கும் பொதுவான அந்த நேரம் அன்றோடு முடிந்தது. அதன்பின் அரசு விடியற்காட்சிகளுக்கு இசைவு தரவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ‘லியோ’ படத்துக்கு 4 மணிக் காட்சி கேட்டு உயர்நீதிமன்றம் வரை சென்றும், காலை 9 மணிக்கே முதற்காட்சி நடந்தது. கேரளத்தில் விடியுமுன் திரை விலகியது. தமிழ்ப்படத்தைத் தமிழ்நாட்டுக்கு முன்னே அண்டை மாநிலம் பார்த்தது. எல்லையோர இளைஞர் வண்டியேறிச் சென்றனர். சிற்றூரான் பட்ட பழைய காத்திருப்பு இப்போது சென்னையானுக்கும் வந்து சேர்ந்தது. அந்த மட்டில் சமன்மை கெடவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அரசின் முடிவைப் பழிப்பதற்கில்லை. ஓர் உயிரின் விலையைக் காகிதத் துணுக்குகளால் ஈடுகட்ட இயலாது. அவ்விரவை விலைக்கு விற்றோர், தாயின் மடியிலிருந்து வந்த பிள்ளைகள் சாரத்தில் ஏறுவதைக் கண்டும் விளம்பரம் எனக் கொண்டனர் என்ற குற்றச்சாட்டில் உண்மையுண்டு. அதே வேளையில், ஐம்பதாண்டு காலம் நாள்வரிசையின் கடைசியில் நின்ற ஒரு கூட்டம் முதன்முறையாக முன்னே வந்தபோது கத்தியதை வெறி என்று மட்டும் எழுதிவிட்டால் வரலாறு அரைகுறையாகும்.

2024 ஜனவரி 12-இல் ஆர். இரவிக்குமார் இயக்கிய ‘அயலான்’ வந்தது. சிவகார்த்திகேயன் ஏற்ற தமிழ் என்னும் நாயகன் நிலத்தையும் உயிர்களையும் நேசிக்கும் உழவர் வீட்டுப் பிள்ளை. வேற்றுக்கோளிலிருந்து வந்த விருந்தாளி அவனோடு தங்குகிறான். 1963-இல் நம்பியார் கலைக்காக ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்றார். 61 ஆண்டு கழித்து வந்தவன் எதையும் கவர வரவில்லை, பூமியைக் காக்க வந்தான். இரண்டு கதையிலும் விண்வெளியை எதிர்கொண்டவன் மண்ணை அறிந்தவனே. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, காலை 9 மணிக்கு, தமிழ்நாட்டின் பெருநகரிலும் சிறுநகரிலும் ஒரே நேரத்தில் அதன் முதற்காட்சி தொடங்கியது. கலை அரசியின் இரண்டாம் ஆட்டம் விட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தோர் விண்மீன்களின் கீழ் நடந்து வீடு சேர்ந்திருப்பர். அயலானின் முதற்காட்சி விட்டு வெளியே வந்தோரைத் தை மாதத்துக்கு முந்திய நண்பகல் வெயில் எதிர்கொண்டது.